இணையச் சந்தையின் வாயிற்காவலர்

ஓர் ஊரில் வாரந்தோறும் சந்தை கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தைத் திடலை ஒருவர் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். கடை போடுகிறவர்களிடம் சுங்கம் வாங்குவது அவருடைய உரிமை. திடலைப் பெருக்கி வைப்பதும், விளக்கும் தண்ணீரும் ஏற்பாடு செய்வதும் அவருடைய பொறுப்பு. இதில் யாருக்கும் மனக்குறை இல்லை.

இப்பொழுது அந்தக் குத்தகைதாரரே சந்தைக்குள் ஒரு கடை போடுகிறார். வாயிலுக்கு நேர் எதிரே உள்ள இடம் அவருடைய கடைக்கு. எந்தக் கடையில் எந்தச் சரக்கு எவ்வளவு விற்றது என்ற கணக்கு முழுவதும் அவர் கையில். வருகிறவர்களுக்கு வழிகாட்ட நிற்பவர்களும் அவருடைய ஆட்களே. சுற்றுவட்டாரத்தில் வேறு சந்தையும் கிடையாது. இந்தச் சந்தையில் நேர்மையான போட்டி நடக்கிறது என்று கூற முடியுமா?

இன்று கைப்பேசியின் வழியாகவும் கணினியின் வழியாகவும் நாம் நுழையும் சந்தைகள் பல, ஏறக்குறைய இந்த நிலையில்தான் இருக்கின்றன. செய்தி தேடுவதற்கு ஒரு தேடுபொறி. செயலிகளை இறக்கிக்கொள்ள ஒரு செயலிக் கடை. பொருள் வாங்க ஓர் இணைய அங்காடி. உலகெங்கும் கோடிக்கணக்கான மக்கள் இவற்றுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களையே நம்பியிருக்கின்றனர். ஐரோப்பியச் சட்டம் இத்தகைய நிறுவனங்களுக்கு ‘வாயிற்காவலர்’ என்றே பெயர் சூட்டியிருக்கிறது. இச்சந்தைகள் ஏன் ஓரிருவர் கைக்குப் போய்ச் சேருகின்றன? அவற்றில் போட்டியைக் காப்பாற்றச் சட்டத்தால் என்ன செய்ய முடியும்? இவ்விரு கேள்விகளையும் இங்கே ஆராய்வோம்.

இரு பக்கச் சந்தை

சாதாரணக் கடைக்காரர் சரக்கை வாங்கி விற்கிறார். இணையத் தளத்தின் வேலை வேறு. அது இரண்டு கூட்டத்தாரை ஒன்று சேர்த்து வைக்கிறது. செயலிக் கடையில் ஒரு பக்கம் செயலி எழுதுவோர், மறுபக்கம் கைப்பேசி வைத்திருப்போர். தேடுபொறியில் ஒரு பக்கம் தேடுவோர், மறுபக்கம் விளம்பரம் செய்வோர். பொருளியலார் இதனை ‘இரு பக்கச் சந்தை’ என்பர்.

இது முற்றிலும் புதிய ஏற்பாடு அன்று. நாளிதழை எடுத்துக்கொள்ளுங்கள். வாசகர் கொடுக்கும் காசு, தாளின் விலைக்கே போதாமல் போகலாம். குறைவதை விளம்பரம் தருவோர் ஈடுசெய்கின்றனர். வாசகர்கள் பெருகினால் விளம்பரம் பெருகும். அதுபோலவே தேடுபொறி நம்மிடம் காசு வாங்குவதில்லை. நம் கவனத்தையும், நம்மைப் பற்றிய தகவல்களையும் வாங்கிக்கொள்கிறது. ஆகவே ‘இலவசமாகத்தானே கிடைக்கிறது, இதில் யாருக்கு நட்டம்?’ என்ற கேள்விக்கு விடை காண, மறுபக்கத்தில் இருப்பவர்களையும் பார்க்க வேண்டும். விளம்பரத்துக்குக் கடைக்காரர் கொடுக்கும் கட்டணம், இறுதியில் நாம் வாங்கும் பொருளின் விலையில் ஏறிவிடுகிறது. சந்தைகளின் வலிமை, அவற்றை நெறிப்படுத்தும் முறை ஆகியவற்றை ஆராய்ந்ததற்காகப் பிரெஞ்சுப் பொருளியல் அறிஞர் ழான் திரோல் 2014-இல் நோபெல் பரிசு பெற்றார். இரு பக்கச் சந்தை பற்றிய ஆய்விலும் அவர் முன்னோடி.

எண்ணிக்கையின் வலிமை

ஒரு தளம் பெரிதாவது ஏன் அதனை மேலும் பெரிதாக்குகிறது? இதனை எளிய கணக்கால் விளக்கலாம்.

ஓர் ஊரில் ஒரே ஒரு தொலைபேசி இருந்தால் அதனால் பயன் ஏதும் இல்லை. இரண்டு இருந்தால் ஓர் இணைப்பு கிடைக்கும். ஐந்து இருந்தால் 10 வெவ்வேறு இணைப்புகள். 10 இருந்தால் 45. 100 இருந்தால் 4,950. 200 இருந்தால் 19,900. தொலைபேசிகளின் எண்ணிக்கை ந என்றால், இணைப்புகளின் எண்ணிக்கை ந × (ந − 1) ÷ 2. உறுப்பினர் இரு மடங்கானால் இணைப்புகள் ஏறத்தாழ நான்கு மடங்காகின்றன. கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் முறையை உருவாக்கியவர்களுள் ஒருவரான ராபர்ட் மெட்கஃபின் பெயரால் இது ‘மெட்கஃப் விதி’ எனப்படுகிறது.

இந்த விதியை எழுத்துக்கு எழுத்து நம்பிவிடக் கூடாது. நம்மில் எவரும் எல்லாரோடும் பேசுவதில்லை. ஆனாலும் இதன் உட்பொருள் உண்மையே. ஓர் ஊரில் இரண்டு செய்திச் செயலிகள் இருந்து, ஒன்றில் இரண்டு இலட்சம் பேரும் மற்றொன்றில் ஒரு இலட்சம் பேரும் இருந்தால், புதிதாக வருகிறவர் எதில் சேருவார்? உறவினரும் நண்பரும் எதில் மிகுதியாக இருக்கின்றனரோ அதில்தான். அவர் சேர்ந்ததால் அது இன்னும் பெரிதாகிறது. அடுத்து வருகிறவருக்கு அதன் கவர்ச்சி இன்னும் கூடுகிறது.

இதோடு வேறு இரண்டு காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று, மென்பொருளின் செலவு. முதல் படியை உருவாக்கப் பல கோடி செலவாகலாம். அடுத்த படிக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. ஆதலால் பயன்படுத்துவோர் மிகுதியாக உள்ள நிறுவனத்துக்குத் தலைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. மற்றொன்று, தகவல். தேடுபொறியில் மக்கள் எதைத் தேடி எதைத் தொட்டார்கள் என்ற பதிவு, அடுத்த தேடலுக்கான விடையைச் செம்மையாக்க உதவுகிறது. தேடுவோர் கூடினால் தரம் கூடும். தரம் கூடினால் தேடுவோர் கூடுவர்.

பள்ளமும் மேடும்

விளைவு மீண்டும் காரணத்தையே வலுப்படுத்துவதை நேர்ப் பின்னூட்டம் என்கிறோம். ஒலிபெருக்கியின் முன்னால் ஒலிவாங்கியைக் கொண்டுபோனால் காதைத் துளைக்கும் ஊளை எழுகிறதே, அது இதனால்தான். கூர்முனையில் நிறுத்திய எழுதுகோல் எந்தப் பக்கம் விழும் என்று முன்னதாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பக்கம் சிறிது சாய்ந்துவிட்டால், அந்தப் பக்கமே விழும். பொருளாதாரத்தில் இத்தகைய நிகழ்ச்சிகளை 1980-களில் விரிவாக ஆராய்ந்தவர் பிரையன் ஆர்தர். தொடக்கத்தில் தற்செயலாகக் கிடைத்த சிறு முன்னிலைகூட ஒரு தொழில்நுட்பத்தை நிலையான வெற்றிக்குக் கொண்டுபோய்விடலாம் என்று அவர் காட்டினார்.

விழுந்த பிறகு என்ன ஆகிறது என்பதே நமக்கு முக்கியம். ஒரு கோலிக்குண்டு ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. பக்கத்தில் அதைவிட ஆழமான பள்ளம் ஒன்று இருக்கிறது. குண்டு தானாக அங்கே உருண்டு போகுமா? போகாது. இடையே ஒரு மேடு இருக்கிறது. அந்த மேட்டைக் கடப்பதற்குத் தேவையான ஆற்றல் கிடைக்கும்வரை அது முதல் பள்ளத்திலேயே கிடக்கும். இயற்பியலில் இதனை ஆற்றல் தடை என்கிறோம்.

சந்தையிலும் இப்படித்தான். பழைய செயலியைவிடச் சிறந்த ஒன்று வந்தாலும் மக்கள் மாறுவதில்லை. நண்பர்கள் எல்லாரும் பழையதிலேயே இருக்கின்றனர். ஆண்டுக்கணக்காகச் சேர்த்த படங்களும் கணக்குகளும் அதில் இருக்கின்றன. கைப்பேசி வாங்கும்போதே பழைய செயலி அதில் பதிந்து வந்துவிடுகிறது. இவையெல்லாம் சேர்ந்ததே இங்குள்ள மேடு.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காண வேண்டும். மேட்டின் ஒரு பகுதி இயற்கையாக அமைந்தது. அதற்காக எந்த நிறுவனத்தையும் குற்றம் சொல்ல முடியாது. நல்ல பொருளைக் கொடுத்துப் பெரிதாவது குற்றம் அன்று. ஆனால் பள்ளத்தில் உள்ளவர் வெளியேறாதபடி மேட்டின்மேல் மண்ணைக் கொட்டி உயர்த்துவது வேறு. போட்டிச் சட்டங்கள் தடுக்க முயல்வது இந்த இரண்டாவது செயலைத்தான்.

தொலைபேசி கற்பித்த பாடம்

பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முயற்சி புதிதன்று. அமெரிக்காவில் 1890-இல் ஷெர்மன் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1911-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தை 34 நிறுவனங்களாகப் பிரிக்க ஆணையிட்டது. ஆனால் இணையத் தளங்களுக்கு நெருக்கமான முன்னோடி எண்ணெய் அன்று, தொலைபேசியே.

அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் காப்புரிமைகள் 1893, 1894-ஆம் ஆண்டுகளில் முடிவடைந்தன. உடனே அமெரிக்காவெங்கும் ஆயிரக்கணக்கான புதிய தொலைபேசி நிறுவனங்கள் தோன்றின. ஒரே ஊரில் இரண்டு நிறுவனங்கள் இருந்தும், ஒன்றின் தொலைபேசியிலிருந்து மற்றொன்றுக்குப் பேச முடியாத நிலை பல ஊர்களில் இருந்தது. வணிகர்கள் இரண்டு நிறுவனத்துத் தொலைபேசிகளையும் மேசைமேல் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 1913-இல் பெல் குழுமத்தின் தலைமை நிறுவனமாகிய ஏ.டி.அண்டு.டி., அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தன் நெடுந்தொலைவுக் கம்பிகளைத் தனி நிறுவனங்களுக்கும் இணைத்துத் தர ஒப்புக்கொண்டது.

இன்னொரு நிகழ்ச்சி இன்னும் சுவையானது. டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் என்பவர், வானொலிக் கருவியில் பேசுகிறவரைத் தொலைபேசியோடு இணைக்கும் ஒரு சிறு கருவியை அமைத்தார். தொலைபேசி நிறுவனமோ, தன் வலையில் தன்னுடைய கருவிகளைத் தவிர வேறெதையும் இணைக்கக் கூடாது என்றது. வலையின் பாதுகாப்பு கெடும் என்பது அது கூறிய காரணம். 1968-இல் அமெரிக்கச் செய்தித்தொடர்பு ஆணையம் கார்ட்டரின் பக்கம் தீர்ப்பளித்தது. வலைக்குத் தீங்கு செய்யாத எந்தக் கருவியையும் இணைக்கலாம் என்பது அதன் சாரம். அந்த வாயில் திறந்ததால் செய்தி பதிவுசெய்யும் கருவி, தொலைநகல், கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடம் ஆகியவற்றைப் பிற நிறுவனங்கள் தடையின்றிச் செய்து விற்க வழி பிறந்தது. வீட்டுக் கணினிகள் இணையத்தை முதலில் எட்டிப்பார்த்தது இந்த மோடத்தின் வழியாகத்தான். இன்றைய இணைய நிறுவனங்கள் பலவும் வளர்ந்தது இப்படித் திறந்துவிடப்பட்ட பாதையில்தான் என்பதை நாம் மறக்கலாகாது. இறுதியில் 1984 சனவரி முதல் நாள், அந்தத் தொலைபேசிப் பெருநிறுவனத்தின் உள்ளூர்ச் சேவைகள் ஏழு வட்டார நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன.

வழக்கு வென்றது, கடை மூடியது

இனி நம் காலத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் ஆடம் ராஃப், ஷிவான் ராஃப் என்னும் கணவனும் மனைவியும் 2006-இல் ‘ஃபவுண்டம்’ என்ற தளத்தைத் தொடங்கினர். ஒரே பொருள் எந்தெந்தக் கடையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று ஒப்பிட்டுக் காட்டுவது அதன் வேலை. தொடங்கிய சில நாள்களுக்குள் கூகுளின் தேடல் முடிவுகளில் அது மிகவும் பின்னால் தள்ளப்பட்டது. பயனற்ற தளங்களை வடிகட்டுவதற்கான தானியங்கி முறையில் அது சிக்கியிருந்தது. கூகுளுக்கும் சொந்தமாக ஒரு விலை ஒப்பீட்டுச் சேவை இருந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

2009 நவம்பரில் அவர்கள் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டனர். 2010-இல் விசாரணை தொடங்கியது. 2017 சூன் மாதம் ஆணையம் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. கூகுள் தன் சேவையை முடிவுகளின் உச்சியில் வைத்து, போட்டியாளர்களைப் பின்னுக்குத் தள்ளியது என்பது தீர்ப்பு. போட்டியாளர்களில் மிக உயர்ந்த இடம் பெற்ற தளம்கூடச் சராசரியாக நான்காம் பக்கத்தில்தான் தென்பட்டது என்றும், முதல் பக்கத்திலேயே 100-க்கு 95 தொடுதல்கள் முடிந்துவிடுகின்றன என்றும் ஆணையம் கணக்குக் காட்டியது. கூகுள் மேல்முறையீடு செய்தது. 2024 செப்டம்பர் 10 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அபராதத்தை இறுதியாக உறுதிசெய்தது.

முறையீட்டுக்கும் முடிவுக்கும் இடையே ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள். இதற்கிடையே ஃபவுண்டம் 2016-இலேயே மூடப்பட்டுவிட்டது. நீதி கிடைத்தது, அதைப் பெற்றுக்கொள்ளக் கடை இல்லை. இணையச் சந்தைகளின் வேகத்துக்கும் நீதிமன்றங்களின் வேகத்துக்கும் உள்ள இடைவெளியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

நம் நாட்டில்

இந்தியாவில் முற்றுரிமையைத் தடுப்பதற்கான சட்டம் 1969-இல் வந்தது. அதன் இடத்தில் 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் வந்தது. இந்தியப் போட்டி ஆணையம் அதனை நடைமுறைப்படுத்துகிறது. அச்சட்டத்தின் நான்காம் பிரிவு, ஒரு நிறுவனம் ஓங்கிய நிலையில் இருப்பதைக் குற்றமாக்கவில்லை. அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதையே தடுக்கிறது.

தேடுபொறி பற்றிய முதல் பெரிய வழக்குக்குத் தமிழகத்தோடு தொடர்பு உண்டு. சென்னையைச் சேர்ந்த திருமணத் தகவல் நிறுவனமான மேட்ரிமோனி டாட் காம், 2012-இல் கூகுளுக்கு எதிராகப் போட்டி ஆணையத்தை அணுகியது. நுகர்வோர் அமைப்பு ஒன்றும் முறையிட்டிருந்தது. 2018 பிப்ரவரியில் ஆணையம் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குற்றச்சாட்டுகள் எல்லாவற்றையும் ஆணையம் ஏற்கவில்லை. விமானப் பயணம் தேடுவோருக்குக் கூகுள் தன் சொந்தச் சேவைக்கு முதன்மையான இடம் கொடுத்தது போன்ற சிலவற்றையே தவறு என்றது.

2022 அக்டோபரில் இரண்டு ஆணைகள் வெளிவந்தன. முதலாவது ஆண்ட்ராய்டு பற்றியது. நம் நாட்டில் விற்கும் திறன்பேசிகளில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவை ஆண்ட்ராய்டில் இயங்குபவை. செயலிக் கடை வேண்டும் என்று கேட்கும் கைப்பேசி உற்பத்தியாளர், தேடுபொறி, உலாவி, காணொளிச் செயலி முதலிய கூகுளின் பிற செயலிகளையும் ஒரு தொகுப்பாகச் சேர்த்தே பதிக்க வேண்டியிருந்தது. அரிசி வாங்க வந்தவர் பருப்பும் எண்ணெயும் சேர்த்து வாங்கினால்தான் அரிசி கிடைக்கும் என்பது போன்றது இது. இதற்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம். மற்றொன்று செயலிக் கடையில் பணம் செலுத்தும் முறை பற்றியது; அதற்கு 936.44 கோடி ரூபாய்.

2023 சனவரியில் கூகுள் சில மாற்றங்களை அறிவித்தது. உற்பத்தியாளர் செயலிகளைத் தனித்தனியாகத் தெரிந்தெடுக்கலாம். கைப்பேசி வாங்குகிறவர் தமக்கு வேண்டிய தேடுபொறியைத் தெரிவு செய்யலாம். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் ஆண்ட்ராய்டு அபராதத்தை உறுதிசெய்தது. ஆனால் ஆணையத்தின் கட்டளைகளில் நான்கை நீக்கியது. 2025 மார்ச்சில் இரண்டாவது வழக்கின் அபராதத்தை 216.69 கோடி ரூபாயாகக் குறைத்தது.

செயலிக் கடை ஒன்றின் வலிமை எத்தகையது என்பதை 2024 மார்ச் முதல் நாள் நடந்த நிகழ்ச்சி எல்லாருக்கும் உணர்த்தியது. கட்டணம் செலுத்தவில்லை என்று கூறி, மேற்சொன்ன சென்னை நிறுவனம் உட்பட இந்திய நிறுவனங்கள் சிலவற்றின் செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கிவிட்டது. அரசு தலையிட்டுப் பேசிய பின் சில நாள்களில் அவை மீண்டும் இடம் பெற்றன. கட்டணம் கேட்பதற்குக் கூகுளுக்கு உரிமை உண்டா என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரே நாளில் ஒரு வணிகத்தின் வாசலைச் சாத்திவிடும் வல்லமை ஒரு தனி நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

முன்கூட்டியே விதி

சாலையில் விபத்து நடந்த பிறகு குற்றவாளி யார் என்று விசாரிப்பது ஒரு முறை. பள்ளிக்கூட வாசலில் முன்கூட்டியே வேகத்தடை அமைப்பது மற்றொரு முறை. மேலே கண்ட வழக்குகள் எல்லாம் முதல் வகையைச் சேர்ந்தவை. ஐரோப்பிய ஒன்றியம் இரண்டாவது முறையைத் தேர்ந்தெடுத்தது. 2022-இல் இயற்றப்பட்ட அச்சட்டம் ‘எண்முறைச் சந்தைகள் சட்டம்’ எனப்படும்.

யார் வாயிற்காவலர் என்பதற்கு அது அளவுகோல் தருகிறது. ஐரோப்பாவில் ஆண்டு வருமானம் 750 கோடி யூரோ அல்லது நிறுவனத்தின் சந்தை மதிப்பு 7,500 கோடி யூரோ இருக்க வேண்டும். மாதந்தோறும் பயன்படுத்துவோர் 4.5 கோடி பேரும், ஆண்டுதோறும் அதன்வழி தொழில் செய்வோர் 10,000 பேரும் இருக்க வேண்டும். இவ்வளவையும் தாண்டியவை என 2023 செப்டம்பரில் ஆல்ஃபபெட், அமேசான், ஆப்பிள், பைட்டான்ஸ், மெட்டா, மைக்ரோசாஃப்ட் ஆகிய ஆறு நிறுவனங்கள் அறிவிக்கப்பட்டன. 2024 மே மாதம் புக்கிங் சேர்க்கப்பட்டது. முதல் ஆறு நிறுவனங்களுக்கும் 2024 மார்ச் 7 முதல் கடமைகள் நடைமுறைக்கு வந்தன.

அக்கடமைகளில் முக்கியமானவற்றைச் சந்தை உவமையோடு பொருத்திப் பாருங்கள். குத்தகைதாரர் தம் கடைக்கு மட்டும் வாயிலருகே இடம் ஒதுக்கக் கூடாது: அதாவது, தேடல் முடிவுகளில் தன் பொருளுக்குச் சலுகை காட்டலாகாது. பிற கடைகளின் கணக்கைப் பார்த்துத் தம் கடையை நடத்தக் கூடாது: அதாவது, தளத்தில் விற்போரின் வெளியிடப்படாத தகவல்களை அவர்களுக்கு எதிராகப் பயன்படுத்தலாகாது. ‘வெளியே வந்தால் குறைந்த விலைக்குத் தருகிறேன்’ என்று கடைக்காரர் சொல்வதைத் தடுக்கக் கூடாது. முன்பே பதிந்த செயலிகளை நீக்க வசதி தர வேண்டும். வேறு செயலிக் கடைகளுக்கும் இடம் தர வேண்டும். பயனர் தம் தகவல்களை எடுத்துக்கொண்டு வேறு தளத்துக்குப் போக வழி செய்ய வேண்டும். பெரிய செய்திச் செயலிகள், கேட்கும் சிறிய செயலிகளோடு இணைந்து செயல்பட வேண்டும்.

நம் உவமையில் கூறினால், இவை எல்லாம் குண்டைத் தள்ளுவதற்கான விதிகள் அல்ல. மேட்டைத் தாழ்த்துவதற்கான விதிகள். எந்தச் செயலி சிறந்தது என்று அரசு முடிவு செய்யவில்லை. மாறுகிறவருக்கு வழி மறிக்கப்படக் கூடாது என்று மட்டும் கூறுகிறது. மீறினால் உலகளாவிய ஆண்டு வருமானத்தில் 100-க்கு 10 வரையிலும், மீண்டும் மீறினால் 20 வரையிலும் அபராதம் உண்டு. 2025 ஏப்ரலில் முதன்முறையாக ஆப்பிளுக்கு 50 கோடி யூரோவும், மெட்டாவுக்கு 20 கோடி யூரோவும் விதிக்கப்பட்டன.

இந்தியாவிலும் இத்தகைய சட்டத்துக்கான வரைவு ஒன்றை அரசு அமைத்த குழு 2024 மார்ச்சில் அளித்தது. குறிப்பிட்ட வருமான, மதிப்பு அளவுகளோடு, ஒரு கோடிப் பயனர் அல்லது 10,000 வணிகப் பயனர் என்ற அளவையும் அது முன்மொழிந்தது.

மறுபக்க வாதங்கள்

இவ்விதிகளை எதிர்ப்பவர்களின் வாதங்களையும் எடைபோட வேண்டும். முதலாவது, பாதுகாப்பு. எல்லாக் கடைகளுக்கும் வாயிலைத் திறந்துவிட்டால் தீய மென்பொருள்களும் உள்ளே வரும் என்று ஆப்பிள் கூறுகிறது. இது வெறும் சாக்கு அன்று; ஏமாற்றுச் செயலிகளால் பணம் இழந்தோர் நம்மிடையே உள்ளனர். ஆனால் கார்ட்டரின் கருவிக்கு எதிராகவும் இதே காரணம்தான் கூறப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே கிடைத்த விடை வாயிலைச் சாத்துவது அன்று. உள்ளே வரும் கருவிக்குத் தரவிதி வகுத்ததே ஆகும்.

இரண்டாவது, புதுமை. விதிகளுக்கு அஞ்சி நிறுவனங்கள் புதிய வசதிகளைத் தாமதப்படுத்தும். 2024-இல் ஆப்பிள் தன் செயற்கை நுண்ணறிவு வசதிகள் சிலவற்றை ஐரோப்பாவில் பிந்தியே தந்தது. சட்டத்தையே காரணம் காட்டியது. மூன்றாவது, எதிர்பாராத விளைவு. கூகுள் ஐரோப்பாவில் தேடல் பக்கத்தை மாற்றிய பிறகு, இடைத்தரகுத் தளங்களுக்கே ஆதாயம் கிடைத்தது என்றும், தங்களிடம் நேரடியாக வருவோர் குறைந்தனர் என்றும் விடுதிகள் குறைகூறின. நம் நாட்டு வரைவைப் பற்றியும், வளர்ந்து வரும் இந்திய நிறுவனங்களே வலையில் சிக்கும் என்ற அச்சம் தெரிவிக்கப்பட்டது. ஆகவே விதி எங்கே நிற்க வேண்டும் என்பதை நுட்பமாக அளக்க வேண்டியிருக்கிறது.

மேட்டைத் தாழ்த்தினால் போதுமா?

நம் நாட்டிலேயே ஒரு பெரிய சோதனை நடந்து வருகிறது. 2016-இல் தொடங்கிய யூபிஐ பணப் பரிமாற்ற முறையில் எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக் கணக்குக்கும் பணம் அனுப்பலாம். கடையில் ஒட்டியிருக்கும் கட்டச் சதுரம் எந்த நிறுவனத்தினுடையது என்று பார்க்க வேண்டியதில்லை. இணைப்பு எண்ணிக்கையால் வரும் ஆதாயம் இங்கே எந்தத் தனி நிறுவனத்துக்கும் சொந்தமன்று; எல்லாருக்கும் பொது. மேடு ஏறக்குறையத் தரைமட்டம் எனலாம்.

ஆயினும் என்ன நடந்தது? 2024-ஆம் ஆண்டின் பரிமாற்றங்களில் 100-க்கு 80-க்கும் மேற்பட்டவை ஃபோன்பே, கூகுள் பே என்னும் இரண்டு செயலிகளின் வழியே நடந்தன. எந்தச் செயலியும் 100-க்கு 30-க்கு மேல் போகக் கூடாது என்று 2020-இல் விதி அறிவிக்கப்பட்டது. அதற்கான கெடு மீண்டும் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டு, 2026 டிசம்பர் வரை நீட்டிக்கப்பட்டது.

மேடு தாழ்ந்தாலும், குண்டு அசைவதற்குச் சிறு உந்தல் வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. பழக்கத்தின் வலிமை அத்தகையது. பெருநிறுவனங்கள் இதனை நன்கு அறியும். கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் தன் தேடுபொறி முன்னதாகவே அமைந்திருப்பதற்காகக் கூகுள் 2021-ஆம் ஆண்டில் மட்டும் பிற நிறுவனங்களுக்கு 2,630 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க வழக்கில் வெளிப்பட்டது. எவரும் சில நொடிகளில் மாற்றிவிடக்கூடிய ஓர் அமைப்புக்கு இவ்வளவு விலையா என்று வியக்கிறோம். பெரும்பாலோர் மாற்றமாட்டார்கள் என்பதற்குக் கொடுத்த விலை அது. 2024 ஆகஸ்டில் அந்நாட்டு நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டத்தை மீறித் தன் முற்றுரிமையைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் பரிகாரத்தை அறிவித்தபோது, குரோம் உலாவியை விற்கச் சொல்லவில்லை. தனி உரிமை ஒப்பந்தங்களைத் தடைசெய்து, தேடல் தகவல்கள் சிலவற்றைத் தகுதியுள்ள போட்டியாளர்களோடு பகிர்ந்துகொள்ளக் கட்டளையிட்டார்.

ஆகவே சட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வாயில் திறந்திருக்கிறதா என்று அது பார்த்துக்கொள்ளலாம். வாயிலைக் கடந்து போய்ப் பார்ப்பது நம் வேலை. கைப்பேசியில் தானாக வந்த தேடுபொறி எது, அதற்கு மாற்று எவை, நம் தகவல்களை எடுத்துச் செல்லும் வசதி எங்கே இருக்கிறது என்று ஒருமுறையேனும் நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இன்று நம் கல்லூரிகளில் கணினி பயிலும் மாணவர்களில் பலர் சொந்தமாகச் செயலி எழுதும் திறன் பெற்றிருக்கின்றனர். அவர்களில் ஒருவர் நாளை நல்லதொரு செயலியை உருவாக்கக்கூடும். அது மக்களைச் சென்றடைய வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அதனைப் பயன்படுத்திப் பார்க்கும் மக்களே. அந்த முடிவு மக்களின் கைக்கு வருமுன்பே, அதே போன்ற செயலியை விற்கும் வாயிற்காவலரின் கையில் அது நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு நாடும் இப்பொழுது எழுதிக்கொண்டிருக்கும் விதிகளை இந்த ஒரு கேள்வியைக் கொண்டு உரசிப் பார்த்தால் போதும்.